சும்மா நடக்கப் போகிறவன்

குன்னத்துகால் வழியாகப் போகும் பஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜன்னலோர இடம் கிடைத்துவிடும். காலை ஆராதனை முடிந்ததும் பைபிளை வீட்டில் வைத்துவிட்டு, தோள்பையில் தண்ணீர் பாட்டிலும் அவித்த மரச்சீனிக் கிழங்கும் போட்டுக்கொண்டு உதியன்குளங்கரையில் வந்து நிற்பேன். வண்டி வரும். ஏறி ஏதோ ஒரு ஊரின் பெயரைச் சொல்லி டிக்கெட் எடுப்பேன். அந்த ஊரில் எனக்குத் தெரிந்தவர்கள் யாரும் கிடையாது. அதனால்தான் அங்கே போனேன்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கோழிக்கோட்டுப் பக்கம் கட்டட வேலை, மாதத்துக்கு ஒருமுறை வருவார். அம்மா அண்டியாபீஸில் வேலை செய்கிறாள். முந்திரிக்கொட்டை உடைக்கும் தொழிற்சாலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். சின்ன வகுப்பில் ஒருமுறை, “எங்கம்மா ஆபீசுக்குப் போறா” என்று நான் பெருமையாகச் சொல்ல, டீச்சர் எந்த ஆபீஸ் என்று கேட்டார். நான் பதில் சொன்னதும் வகுப்பே சிரித்தது. அம்மாவின் விரல்களில் கொட்டை எண்ணெயின் கறுப்பு எப்போதும் இருக்கும். அந்தக் கறுப்பில்தான் நான் கணக்கில் எம்.எஸ்ஸி. முடித்தேன்.

இப்போது நெய்யாற்றின்கரையில் ஒரு டியூஷன் சென்டரில் சாயங்கால வகுப்பு எடுக்கிறேன். மற்ற நேரத்தில் அரசு வேலைப் பரீட்சைகளுக்குப் படிக்கிறேன். கல்லூரியில் கூடப் படித்தவர்கள் பெங்களூருக்கும் துபாய்க்கும் போய்விட்டார்கள். ஊரில் என்னோடு பந்து விளையாடியவர்கள் சீக்கிரமே படிப்பை விட்டு, வேலைக்குப் போய், கல்யாணமும் முடித்து, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எதிரே வருகிறார்கள். என்னைப் பார்த்தால் “சாரே” என்று கூப்பிடுகிறார்கள். முதலில் கேலிக்குத்தான் அப்படிக் கூப்பிட்டார்கள். நாளாக ஆகக் கேலி போய்விட்டது. சார் மட்டும் மிச்சம் நின்றது. நான் போய் நின்றால் அவர்களுடைய பேச்சு ஒரு படி மரியாதையாகிவிடும். அந்த மரியாதையைத் தாங்க முடியாமல் நானே சீக்கிரம் விடைபெற்றுவிடுவேன்.

மற்ற நாட்களில் இது பெரிதாகத் தெரியாது. ஞாயிறு மதியம் தெரியும். சாப்பிட்டு முடித்த பிறகு அம்மா ஒரு வாரத்துத் தூக்கத்தை ஒன்றாகத் தூங்குவாள். நான் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு ரோட்டில் போகும் ஸ்கூட்டர்களைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் ஜங்ஷன் வரை போய்விட்டு வரலாம் என்று இறங்கி, முன்னால் வந்து நின்ற பஸ்ஸில் ஏறினேன்.

அன்று குன்னத்துகாலில் இறங்கி, கால் போன பக்கம் நடந்து, சானல்கரையைப் பிடித்தேன். நெய்யாற்று நீரைக் கொண்டுபோவதற்காக வெட்டிய கால்வாய் அது. அதன் கரையில் நடப்பது சுலபம். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஒரு பக்கம் ரப்பர், மறுபக்கம் வாழையும் மரச்சீனியும். ரப்பர் மரங்களுக்கு மழைக்காகக் கட்டிய பிளாஸ்டிக் பாவாடை காற்றில் படபடக்கும். அந்தச் சத்தமும் என் செருப்புச் சத்தமும்தான். கொஞ்ச தூரம் போனால் கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்கும். கம்பியோ பலகையோ கிடையாது. தாரின் நிறம் மாறும், கடைப்பலகையில் எழுத்து மாறும், மறுபடி ஒரு வளைவில் பழைய எழுத்து வரும். எந்த மாநிலத்தில் நிற்கிறேன் என்று தெரியாத இடங்கள் அங்கே உண்டு. அங்கே நின்று நான் தண்ணீர் குடிப்பேன்.

போகப் போக எனக்கென்று ஒரு முறை வந்தது. ஒரு பஸ்ஸில் இறங்கினால் வேறொரு பஸ்ஸில்தான் ஏற வேண்டும். போன வழியே திரும்பக் கூடாது. வியர்த்து ஒழுகுகிற அளவுக்கு மலை ஏறக் கூடாது. வண்டி வராத வழியாக இருக்க வேண்டும். நடந்த வழிகளை எல்லாம் படம் எடுத்துக் கல்லூரி நண்பர்களின் குழுவில் போட்டேன். “அடுத்த ஞாயிறு யாராவது வாறியளா? பஸ்லயே போய்ட்டு வரலாம்” என்று எழுதினேன். துபாயிலிருந்து ஒருவன் கட்டைவிரலைக் காட்டினான். பெங்களூரில் இருப்பவன், “மச்சி, செம பச்சை” என்றான். அதற்குப் பிறகு நான் படம் போடவில்லை.

ஒரு ஆள் எங்கள் பக்கத்தில் சும்மா நடக்க முடியாது. ரோட்டில் போகும் பைக்கெல்லாம் நிற்கும். “ஏறு மக்கா, எங்க போவணும்?” வேண்டாம் என்றால் முகம் வாடிவிடும். வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னால் கோபமே வந்துவிடும். “வண்டில ஏறுனா தேஞ்சா போவ?” அதனால்தான் சானல்கரையை விட்டால் ரப்பர் தோட்டத்துக் குறுக்குவழி என்று ஒதுங்கிப் போகப் பழகினேன். அங்கேயும் விட மாட்டார்கள். ஒரு வீட்டு முற்றத்தில் நின்ற பெரியவர், “என்தரப்பீ, எவிடெ போணு?” என்று நான் எங்கே போகிறேன் என்பதை மலையாளத்தில் கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் தமிழுக்கு மாறி, “சர்வே எடுக்கவா?” என்றார். இன்னொருவர் என்னைக் கடன் பிரிக்க வந்த ஆள் என்று நினைத்துப் பக்கத்து வீட்டைக் கைகாட்டினார். ஒரு சாயக்கடையில் நான் பால் விடாத கட்டஞ்சாயா குடித்து முடிப்பதற்குள், எதிர்வீட்டுப் பெண் நல்ல குணம், நர்சிங் படிப்பு, தகப்பனுக்கு மட்டும் கொஞ்சம் குடி உண்டு என்று கடைக்காரர் அடங்கிய குரலில் சொல்லி முடித்திருந்தார். எந்த மாப்பிள்ளை வீட்டுக்காகவோ விசாரிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். எல்லோருக்கும் என்னிடம் இருந்தது ஒரே பதில்தான்: “சும்மா, நடக்க வந்தேன்.” அதை யாரும் நம்பியதில்லை.

அந்தச் சாயக்கடைக்கு மேலேதான் பாறைக்குளம். கல் உடைத்து முடித்துக் கைவிட்ட குவாரியில் மழைத்தண்ணீர் நிறைந்து குளமாகிவிட்டது. மூன்று பக்கமும் வெட்டிய பாறை செங்குத்தாக நிற்கும். நடுவில் பச்சைத் தண்ணீர். கரையில் தட்டையான ஒரு பாறை உண்டு. அதில் உட்கார்ந்தால் தமிழ்நாட்டுப் பக்கத்து மலைகள் வரிசையாகத் தெரியும். மரச்சீனியைக் காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தியில் தொட்டுத் தின்றுவிட்டு, வெயில் சாயும்வரை இருப்பேன். ஒரு மீன்கொத்தி எதிர்ப்பாறையிலிருந்து விழுகிற மாதிரி இறங்கும். அதைச் சொல்லக் கூட ஆள் இருக்காது. வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாறையில் உட்கார்ந்திருந்தபோது கீழேயிருந்து இரண்டு பேர் ஏறி வந்தார்கள். ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறவர், காக்கிச் சட்டை போட்டிருந்தார். மற்றவர் ரப்பர் பால் வெட்டுகிறவர். மூச்சு வாங்க வந்தவர்கள் என் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள்.

“இருக்கலாமில்ல மக்கா?” என்றார் ஆட்டோக்காரர்.

“இருங்கண்ணே. ஒங்க எடந்தானே.”

“எங்க எடமும் இல்ல, ஒனக்க எடமும் இல்ல. பஞ்சாயத்து எடமாக்கும்.”

பால் வெட்டுகிறவர் பீடியை நீட்டினார். வேண்டாம் என்றேன். “நல்ல பழக்கம்” என்று சொல்லித் தாம் பற்றவைத்துக்கொண்டார். என்ன படிப்பு, எங்கே வேலை, எந்தச் சர்ச் என்று வரிசையாகக் கேட்டார்கள். கல்யாணம் ஆயிற்றா என்று ஆட்டோக்காரர் கேட்டார். இல்லை என்றேன்.

“ஒனக்கு அது கூட ஆவல்ல. எனக்கு ஆயாச்சு. கொளத்துல சாடணும்னா நானாக்கும் மொதல்ல சாடணும்.”

“எலே, வாய மூடிட்டு இரி” என்று பால் வெட்டுகிறவர் அவரது முதுகில் ஒன்று வைத்தார். நான் சிரித்தேன். எனக்கு அது பகடியாகத்தான் தெரிந்தது.

அம்மா எங்கே வேலை செய்கிறாள் என்று கேட்டதற்கு அண்டியாபீஸ் என்றேன். எந்த அண்டியாபீஸ் என்று கேட்டார்கள். சொன்னேன். “அங்க எனக்க மைனி உண்டு” என்று, அண்ணன் பெண்டாட்டியைச் சொல்லி, பால் வெட்டுகிறவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பேச்சு நீண்டது. நான் மீன்கொத்தியைக் காட்டினேன். இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். ஆட்டோக்காரர், “அது எங்க வீட்டு மீனயும் தூக்கிட்டுப் போவும், கேட்டியா” என்றார். நான் எழுந்தபோது அவர்களும் எழுந்தார்கள். இறக்கத்தில் ஆட்டோக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார், வழுக்கும் என்றார். கடையில் எனக்கு ஒரு பழம்பொரி வாங்கித் தந்தார்கள். பஸ் வரும்வரை கூடவே நின்றார்கள். வண்டி வந்ததும் கண்டக்டரை ஓரமாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார்கள். அவர் என்னை முன்சீட்டில் உட்காரவைத்தார். உதியன்குளங்கரையில் இறங்கும்போது, “சூட்சிச்சு போணம் கேட்டோ” என்றார். பார்த்துப் போ என்று ஒரு கண்டக்டர் என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஜங்ஷனிலிருந்து வீடு வரைக்கும் எனக்குள் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பிறகு நடையில் எனக்கு ஆள் கிடைத்துவிட்டது. அடுத்த வாரம் அவர்களுக்கும் சேர்த்து மரச்சீனி கொண்டுபோக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். நான் வந்ததும் எழுந்து, என் தலைமுடியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சட்டையைத் தொட்டாள். “வேர்த்திருக்கு” என்று மட்டும் சொல்லி உள்ளே போய்விட்டாள். அன்றைக்குக் குழம்பில் உப்பு இல்லை.

செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டில் ஜெபம் என்று வந்து சொன்னார்கள். சர்ச்சில் பெண்கள் ஐக்கியத்தார் ஒவ்வொரு வீடாகப் போய் ஜெபிப்பது வழக்கம்தான், ஆனால் அது எங்கள் முறை இல்லை. டியூஷனுக்குப் போவதற்கு முன்பு உட்கார்ந்துவிட்டுப் போ என்றாள் அம்மா. பாட்டுப் பாடினார்கள். கண்ணை மூடினோம். மூத்த அம்மா ஒருவர் ஜெபிக்கத் தொடங்கினார். நாட்டுக்காக, வியாதிக்காரர்களுக்காக, கடலில் போகிறவர்களுக்காக எல்லாம் முடித்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“ஆண்டவரே, இந்த வீட்டுப் பிள்ளையின் கால்கள் ஆழமான தண்ணீரண்டை போகாதபடி காத்துக்கொள்ளும். வேலை இல்லையென்ற துக்கத்தை அவன் நெஞ்சிலிருந்து எடுத்துப்போடும். பெற்றவளுக்கு அவனைத் திரும்பத் தாரும்.”

கண்ணை மூடியிருந்த அந்த இருட்டில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. சாடணும் என்றது, முதுகில் விழுந்த அடி, கையைப் பிடித்துக்கொண்டது, முன்சீட்டு, என் தலைமுடி. மைனி வழியாகச் சேதி அன்றைக்கே அம்மாவுக்குப் போயிருக்கிறது. அந்தப் பாறைக்குளத்தில் முன்பு ஒரு படித்த பையன் விழுந்து செத்திருக்கிறான், அவனும் இப்படித்தான் தனியாக வந்து உட்காருவானாம். அதெல்லாம் பிறகு தெரிந்தது. நான் கண்ணைத் திறந்தேன். எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள், அம்மாவைத் தவிர. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவமானமாக இருந்தது என்று சொல்ல முடியாது. வேறொன்று வலித்தது. எனக்குக் கிடைத்த ஒரே துணை, காவலாக வந்த துணை. அவர்கள் மீன்கொத்தியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு என் செருப்பைக் காணவில்லை. “நனைச்சுப் போட்டிருக்கேன்” என்றாள் அம்மா. தோல் செருப்பை யாராவது நனைத்துப் போடுவார்களா? அதற்கடுத்த ஞாயிறு தோள்பை தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. மதியம் அவள் தூங்கவில்லை. வாரம் முழுக்கக் குந்தியிருந்து கொட்டை உடைப்பவள், தூங்க வேண்டிய ஒரே மதியத்தில் கதவுக்கு நேராகப் பாயைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். கண் சொக்கும், தலை சரியும், நான் அசைந்தால் நிமிர்வாள். எனக்குப் பொறுக்கவில்லை.

“அம்மா, நான் அதுக்கொண்ணும் போவல்ல.”

“எதுக்கு?”

“நீ நெனைக்கியதுக்கு.”

அவள் கறுத்த விரல்களைப் பார்த்தாள். “சாவத்தான் போனியோன்னு கேக்கப் பயந்துட்டு இருக்கேன்” என்றாள். “கேட்டா ஆமான்னு சொல்லிருவியோன்னு.”

“இல்லம்மா. சத்தியமா இல்ல.”

“பின்ன எதுக்காக்கும் அங்க போய் இருக்க? சும்மான்னு சொல்லாத. சும்மா யாரு போவா?”

எத்தனையோ பேருக்குப் பாடம் விளக்குகிறவன் நான். அவளுக்கு இதை விளக்கிப் பார்த்தேன். “வீட்ல இருந்தா எனக்கு யாரும் இல்லன்னு தோணும். அங்க யாருமே இல்லல்லா, அதனால தோணாது” என்றேன். சொன்ன பிறகுதான் அவளை வைத்துக்கொண்டே யாரும் இல்லை என்று சொன்னது உறைத்தது. அவள் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. “ம்” என்றாள்.

மறுவாரம் ஆராதனை முடிந்து வந்தவள் சேலையை மாற்றவில்லை. சர்ச்சுக்குக் கட்டிய சேலையோடு, தூக்குப்பாத்திரமும் குடையும் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். என் செருப்பு காய்ந்து, படியில் ஜோடியாக இருந்தது.

“நானும் வாறேன். நீ இருக்கிய எடத்தக் காட்டு.”

பஸ்ஸில் அவளை ஜன்னலோரம் உட்காரவைத்தேன். ஒவ்வொரு வளைவிலும், “இதுல எறங்கணுமா?” என்றாள். இறங்கி நடந்தபோது நான் ஒதுங்கிப் போகும் ஊர் அவளோடு சேர்ந்து வந்தது. எங்கே போகிறீர்கள் என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் அவள் ஒரு காரணம் வைத்திருந்தாள். ஒரு வீட்டில், எடம் ஒண்ணு பாக்க என்றாள். இன்னொரு வீட்டில், கல்யாணத்துக்குச் சொல்ல என்றாள். சானல்கரையில் புல் அறுத்த பெண்ணிடம், முட்டுவலிக்கு நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர் என்றாள். “ஏம்மா இப்படிப் பொய் சொல்ற?” என்றேன். “நீ உள்ளதச் சொல்லித்தானே இவ்வளவும் வந்துது” என்றாள்.

சாயக்கடையில் ஆட்டோக்காரர் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். அம்மாவைப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்தார். அம்மா நேரே போய், “நீங்களா அன்னைக்கு இவன்கூட வந்தது?” என்றாள். அவர் தலையைச் சொறிந்தார். “அக்கா, தப்பா எடுக்கப்பிடாது. மொகம் அப்பிடி இருந்துது.” அம்மா என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். “இவனுக்கு மொகமே அப்பிடியாக்கும். பொறந்தப்பமும் அப்பிடித்தான்” என்றாள். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள்.

பாறையில் ஏற அவளுக்கு முட்டு விடவில்லை. கையைக் கொடுத்து ஏற்றினேன். விளிம்புக்குப் போய் நெடுநேரம் தண்ணீரைப் பார்த்தாள். நான் அவள் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டேன். பிறகு வந்து உட்கார்ந்து தூக்குப்பாத்திரத்தைத் திறந்தாள். தின்றோம். காற்று நின்றுவிட்டது. அவள் காதைத் தடவிக்கொண்டாள்.

“ஒரு சத்தமும் இல்லையே இங்க.”

“இல்ல.”

“ஆபீஸ்ல சுத்தியல் சத்தம் நிக்கவே செய்யாது. வீட்டுக்கு வந்தாலும் கேட்டுட்டே இருக்கும்.” கொஞ்ச நேரம் கழித்து, “இப்பக் கேக்கல்ல” என்றாள். பாறையிலேயே சாய்ந்து குடையை முகத்துக்கு மேல் விரித்துக்கொண்டாள். தூங்கிவிட்டாள். மீன்கொத்தி இறங்கியபோது அவளை எழுப்பவில்லை.

திரும்பும்போது கடைக்காரரிடம் தன் செல் நம்பரைக் கொடுத்தாள். “இவன் மேல போவட்டும். கீழ எறங்கி வந்ததும் போன்ல ஒரு அடி அடிச்சு வச்சிருங்க. நான் எடுக்க மாட்டேன். வந்துட்டான்னு வச்சுக்கிடுவேன்.”

அவள் அதற்குப் பிறகு வரவில்லை. அந்த ஒரு நடைக்கே முட்டு வீங்கிவிட்டது. நான் போகிறேன். ஏறும்போது கடையில் தலையைக் காட்ட வேண்டும். இறங்கும்போது கடைக்காரர் என்னைப் பார்த்ததும் போனை எடுப்பார். ஒரு அடி அடித்து வைப்பார். அவ்வளவுதான். ஆட்டோக்காரர் இருந்தால் கையைத் தூக்குவார், மேலே வருவதில்லை. வர அவருக்கு இனி காரணம் இல்லை. கூட நடக்க இன்னும் எனக்கு யாரும் கிடைக்கவில்லை. முன்பு வெயில் சாயும்வரை இருப்பேன். இப்போது அதற்குக் கொஞ்சம் முன்பே எழுந்துவிடுகிறேன், வீட்டில் ஒரு போன் அடிக்க வேண்டியிருப்பதால்.

போன ஞாயிறு இறங்கி வந்தபோது கடை பூட்டிக் கிடந்தது. ஏறும்போது திறந்துதான் இருந்தது. கடைக்காரர் வீட்டில் ஏதோ விசேஷம், மதியமே அடைத்துவிட்டார் என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். மழை தூற ஆரம்பித்திருந்தது. நான் கடைச் சாய்ப்பின் கீழே நின்று என் போனை எடுத்தேன். ஒரு அடி அடித்து வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். முதல் அடியிலேயே அம்மா எடுத்துவிட்டாள்.

“எறங்கியாச்சா?”

“எறங்கியாச்சு. கடை அடைச்சிருக்கு.”

“ம்.” மூச்சு விடுவது கேட்டது. “மீன் பிடிக்கிய அந்தப் பச்சிய இன்னைக்கும் கண்டியா?”

பால் வெட்டுகிறவர் அன்றைக்குச் சொல்லி, அது மைனி வரை போய், அங்கிருந்து அண்டியாபீஸுக்கு வந்து, இத்தனை நாளும் அவள் அதை மனதில் வைத்திருக்கிறாள்.

“கண்டேன்” என்றேன். “ரெண்டு மட்டம் எறங்கிச்சு. ரெண்டாமத்த மட்டம் மீனும் கிடைச்சு.”

“செரி. மழைல நிக்காத, வா.”

பஸ் வர நேரமாயிற்று. வந்தபோது உள்ளே நானும் டிரைவரும் கண்டக்டரும் மட்டும்தான். ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.